இன்னொரு பட்டை

தணிகைவேலுக்குக் காலையில் கண் விழித்ததுமே அருவருப்பாக இருக்கும். பல் விளக்கினாலும் போகாது, நாஷ்டா சாப்பிட்டாலும் போகாது. எல்லாம் அவன் தொழில் கொடுத்த சீக்கு. புதுவாயல் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை வைத்திருந்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து கம்பியும் தகடும் ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள், தாங்கக்கூடிய பாரத்தைவிட ஒன்றரை மடங்கு தூக்கிக்கொண்டு பின்பக்கம் தொங்கிப்போய் வந்து நிற்கும். டிரைவர் இறங்குவான், கொட்டாவி விடுவான், எல்லா டிரைவரும் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்வான்.

"இன்னொரு பட்டை சேத்துப் போட்டுடு."

அவ்வளவுதான். வண்டி வளைவில் எப்படித் திரும்புகிறது, பிரேக் அடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய அந்த இரும்புப் பட்டைகளோடு இன்னும் ஒன்றைச் செருகினால் வண்டி நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த வண்டியில் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். மறுபடி தொங்கும், மறுபடி அவனிடமே வரும். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று துப்பிவிட்டுத்தான் தணிகைவேல் சுத்தியலைக் கையில் எடுப்பான்.

அப்படிப்பட்டவனைத் தேடி ஒரு நாள் வீரராகவன் வந்தார். பொன்னேரிப் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று திருமண். அவர் ஓட்டி வந்தது பழைய மார்க் டூ அம்பாசிடர். பால் வெள்ளை, ஒரு கீறல் இல்லை. ஆனால் கூட்ரோட்டில் திரும்பும்போதே அது படகு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்ததைத் தணிகைவேல் பார்த்துவிட்டான்.

"மெட்ராஸ்லேர்ந்து நெல்லூர் வரிக்கும் பழைய காருங்கோ எல்லாம் வரிசையா ராலி போறாங்களாம், நைனா. நானும் கலந்துக்கலாம்னு கீறேன். அடிவண்டி மொத்தத்தையும் புச்சா பண்ணிடு. ஹேண்ட்லிங் சும்மா கச்சிதமா இருக்கணும்."

ஹேண்ட்லிங்! வண்டி சொன்னபடி திரும்புகிறதா என்பதைப் பற்றிய அந்த வார்த்தையை ஒரு மனுஷன் வாயால் கேட்பதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தணிகைவேலுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. வந்து நின்ற இரண்டு லாரிகளை வேறு பட்டறைக்குப் போகச் சொன்னான். அவன் பெண்டாட்டி நர்மதா, "இன்னாய்யா, பேய் கீய் புச்சிக்கிச்சா?" என்று கேட்டாள்.

பேய்தான் பிடித்திருந்தது. முன்பக்கம் செத்துப்போன ரப்பர் புஷ்களை எல்லாம் பிடுங்கி எறிந்தான். சென்னைக்குப் போய், கேஸ் அடைத்த புது ஷாக் அப்சார்பர் நாலு வாங்கி வந்தான். வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள முன் அச்சுக்குக் குறுக்கே ஒரு கம்பியைத் தானே வளைத்துப் பொருத்தினான். பின்பக்கப் பட்டைகளைக் கழற்றி, காய்ச்சி, வளைவு கொடுத்து, ஒன்றோடொன்று உரசிக் கத்தாமல் இருக்க நடுவில் நைலான் தகடு வைத்துக் கட்டினான். ஐந்து பேர் உட்கார்ந்தால் எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவு தாழ வேண்டும், அதற்கு மேல் ஒரு விரல் கூடாது. நாலு தடவை கட்டிப் பார்த்து, நாலு தடவையும் பிரித்தான்.

ஆரணிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு முந்தின வளைவில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பினான். வண்டி நினைத்த இடத்தில் திரும்பி, நினைத்த இடத்தில் நேரானது. அவன் கையால் ஒரு வண்டி உருப்பட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் தனியாகவே சிரித்துக்கொண்டு வந்தான்.

மிச்சம் இருந்தது ஒரே வேலை. கீழேயிருந்து கைக்கு எட்டின மட்டும் முடுக்கியிருந்த பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை ஒரு முறை இறுக்கிப் பார்க்கப் பின்சீட்டைத் தூக்க வேண்டும். தூக்கினான். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கும் இல்லை, பஞ்சும் இல்லை. மேலே ரெக்சின் போர்த்திய வெறும் பலகை. அதற்குக் கீழே தகரத்தை வெட்டி, டிக்கி வரைக்கும் ஒரே குழியாக்கி வைத்திருந்தார்கள். மூலையெல்லாம் அரிசி சிதறிக் கிடந்தது. மஞ்சள் பாரித்த, தடித்த அரிசி. ஈரச் சாக்கும் புழுவும் கலந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

அந்த வாடையை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேஷன் அரிசி. இங்கே சும்மா கொடுக்கிற அரிசியைச் சேர்த்து, எல்லை தாண்டி ஆந்திராவில் விற்று, அங்கே பாலிஷ் போட்டு வேறு பெயரில் மறுபடி இங்கேயே கொண்டுவருகிற கதை அந்தச் சாலையில் குழந்தைக்கும் தெரியும். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியைப் பிடிப்பார்கள், வேனைப் பிடிப்பார்கள். திருமண் இட்ட பெரியவர் ஓட்டிப் போகிற பளபளக்கும் பழைய காரை யார் பிடிப்பார்கள்? பின்பக்கம் தொங்காமல் மட்டும் இருந்தால் போதும்.

அன்று சாயங்காலமே வீரராகவன் போன் பண்ணினார்.

"வேலை முடிஞ்சிதா, நைனா? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பின்னாடி இன்னொரு பட்டை சேத்துப் போட்டுடு."

தணிகைவேல் போனை வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினான். ராலியாம், ஹேண்ட்லிங்காம்! அந்த ஆள் ஊரை ஏமாற்றினதுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன்னை இப்படிச் சந்தோஷப்பட வைத்து ஏமாற்றினானே என்றுதான் குமட்டியது. அந்தப் பட்டையைச் செருகினால் காலி வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வளைவில் பின்சக்கரம் துள்ளும். அவன் கட்டின அத்தனையும் நாசம்.

வீட்டில் நர்மதாவிடம் சொல்லிக் கொட்டினான். "ஏழைங்க துன்ற அரிசிய திருடி விக்கிறாங்கோ. மனுசங்களா இவங்கோ?"

நர்மதா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "நம்மூட்டு ரேஷன் அரிசி எங்க போதுன்னு நெனச்சிக்கினு கீற?"

"எங்க போது?"

"ஞானம்மா மாசா மாசம் வண்டி எத்துக்கினு வந்து வாரிக்கினு போறா. தெரு மொத்தமும் அவளுக்குத்தான் போடுது. பட்டறைல புஷ் கழுவுறியே, அந்த நீலத் தொட்டி அரிசிக்கு பதிலா அவ குட்த்ததுதான்."

"ஆக்கித் துன்னாம ஏன் போட்ட?"

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "ஆக்கிப் போட்டேனே. நாறுதுன்னு தட்ட தள்ளுனது யாரு?"

குழம்பு கொதித்து இறங்கியதும் தணிகைவேல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். வெள்ளை வெளேரென்று கடையில் வாங்கின அரிசி. எங்கே போய்ப் பாலிஷ் ஆகி வந்ததோ என்று தோன்றியது. எழுந்து கை கழுவிவிட்டான்.

மறுநாள் வீரராகவன் வண்டி எடுக்க வந்தார். முதல் வேலையாக டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார். வண்டி மெதுவாகத் தாழ்ந்து, ஒரே மூச்சில் எழுந்து, ஆடாமல் நின்றது.

"தாழுதே, நைனா? பட்டை போடலியா?"

"போடல. ஆளுங்களுக்குத்தான் சார் கட்டிக்கீறேன். மூட்டைக்கு இல்ல. மூட்டைய ஏத்துனீங்கோன்னா ஒக்காந்துடும்."

வீரராகவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதுதான் தணிகைவேலுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அவர் சிரித்தார். "புச்சா இத்தினி சாமான் போட்டுக்கீறியே, அதெல்லாம் தாங்கும். நீ ஒரு கிறுக்கன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். புதிது என்றால் அதிகம் தாங்கும் என்பதுதான் அந்தச் சாலையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே இன்ஜினியரிங். கூட்ரோட்டில் வண்டி சாயாமல் திரும்பிப் போனதைத் தணிகைவேல் பார்த்துக்கொண்டே நின்றான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு லாரி டிரைவர் சேதி கொண்டுவந்தான். எளாவூர் செக்போஸ்ட்டில் ஒரு வெள்ளை அம்பாசிடர் மாட்டிக்கொண்டதாம். பின்பக்கம் தரையோடு உட்கார்ந்து, மட்கார்டு டயரில் உரசிப் புகை வந்ததாம். ஓட்டினவன் கூலிக்கு வந்த ஆள். வீரராகவன் அந்த வண்டியை எப்போதோ விற்றுவிட்டதாகச் சொல்லிவிட்டாராம்.

தணிகைவேல் பைக்கை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். சந்தோஷப்படலாம் என்றுதான் போனான். ஸ்டேஷனுக்குப் பின்னால் முள்செடிக்கு நடுவில் துருப்பிடித்த ஆட்டோக்களோடு அந்த அம்பாசிடர் நின்றது. மூட்டைகளை யாரும் இறக்கவில்லை. அவன் காய்ச்சி வளைத்த பட்டைகள் வளைவு செத்து நேராகி, இப்போது மறுபக்கம் வளையத் தொடங்கியிருந்தன. மூட்டை நனைந்து புளித்த வாடை வாசல் வரைக்கும் வீசியது. எலி ஒன்று சீட்டிலிருந்து இறங்கி ஓடியது.

அவன் ஸ்டேஷன் ரைட்டர் அன்புசெல்வனிடம் போய் நின்றான். "சார், அந்த அம்பாசிடர்ல மூட்டைய மட்டும் எறக்கிடுங்கோ. இப்பிடியே வுட்டா பட்டை செத்துடும். நானே எறக்கிக் குடுக்கறேன், கூலி வேணாம்."

"சிவில் சப்ளை கோடவுன்ல எடமில்லயாம். கோடவுன்காரங்கோ வந்து எடுக்கற வரிக்கும் அது கேஸ் சொத்து, யாரும் கை வெக்கக் கூடாது."

"எப்ப சார் வருவாங்கோ?"

"யாருக்குத் தெரியும்? நாறிப்போனப்பறம் வருவாங்கோ." அன்புசெல்வன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இன்னாய்யா இவ்ளோ அக்கறை? உன் மூட்டையா உள்ள கீது?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வாடை உள்ளே போனது. அவன் தள்ளிவிட்ட தட்டில் அடித்த அதே வாடை.

"ஆமா சார்," என்றான் தணிகைவேல். "கொஞ்சம் என்னுதும் கீது."

அன்புசெல்வன் மேஜையைத் தட்டிச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுச் சொன்னார். தணிகைவேல் வெளியே வந்தான். துப்ப வேண்டும் போலிருந்தது, யார்மேல் துப்புவது என்று தெரியாமல் விழுங்கிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.