கோணல் மடிப்பு

லூம்ஹோல்ட் கம்பெனிக்காரன் என் விளக்கைத் திருடியபோது அதன் கோணல் மடிப்பையும் சேர்த்தே திருடினான். முதல் விளக்குக்குத் தகட்டை வளைக்கும்போது என் கை வழுக்கி விழுந்த மடிப்பு அது. பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியாகும் வடிவமைப்புப் பதிவும் என் பெயரில் இருந்தது.

"சொந்த யோசனைன்னு அவன் வாயே திறக்க முடியாது," என்றார் என் வக்கீல் மெரெட்டா. "கோணல்கூட அச்சு அசல் அதேதான். ரெண்டும் ஒரே விளக்குன்னு அடிச்சுச் சொல்லுவோம்."

சொன்னோம். பதிலுக்கு அவன் ஒரு படத்தை நீட்டினான். டென்மார்க்கில், ஆர்ஹுஸ் நகரத்தில் எங்கள் சமையலறை, மேஜையில் பாதி கடித்த ஹெரிங் மீன் ரொட்டி, மேலே என் விளக்கு. விளக்குத் தொழில்காரர்கள் எல்லாரும் மேயும் இணையப் பக்கத்தில் என் கணவன் அஸ்கெர் போட்ட படம். 'என் பெண்டாட்டி செஞ்சது. பொறாமைப்படுங்க!' என்று கீழே எழுதியிருந்தான்.

"இது எப்ப போட்டது?" மெரெட்டாவின் குரல் இறங்கிவிட்டது.

"நாலு வருஷம் இருக்கும்."

"நீங்க பதிவு பண்ணி ரெண்டு வருஷம்தானே ஆகுது? நாமளே வெளிய காட்டினாலும் ஒரு வருஷத்துக்குள்ள பதிவு பண்ணிடணும். தாண்டிட்டா, இது புதுசே இல்லைன்னு ரத்து பண்ணிடுவாங்க."

"படத்துல இருக்கறது வேற விளக்குன்னு சொல்லிடலாமே?"

"கோணல் பளிச்சுன்னு தெரியுதே. அது வேறன்னா, அப்ப லூம்ஹோல்ட் விளக்கும் வேறதான்னு அவன் சிரிப்பான்."

எந்தக் கோணலை வைத்து அவனைப் பிடித்தேனோ அதுவே என் கழுத்தைப் பிடித்தது. பதிவு ரத்தானது. சட்டப்படி சரிதான், வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும் இந்தக் குளிர்காலத்தில் எதிர்வீட்டு ஜன்னலில் அவன் விளக்கு எரிகிறது. கடையில் அதை விற்கும் பெட்டியில் 'லூம்ஹோல்ட் வடிவமைப்பு' என்று கொட்டை எழுத்து வேறு.

அஸ்கெரோடு நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். பெண்டாட்டி பெருமையைப் பீற்றிக்கொள்ள இவனுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? கடைசியில் அவனே போனும் கையுமாக வந்து நின்றான்.

"சோல்வாய், அந்தப் படத்தை அழிச்சிடவா?"

"இப்ப அழிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?"

அவன் படத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

நானே அழித்துத் தொலைக்கலாம் என்று போனைப் பிடுங்கினேன். 'என் பெண்டாட்டி செஞ்சது.' விரல் நகரவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும், பாவி," என்றேன். "அது நான் செஞ்சதுன்னு உலகத்துல எழுதி வெச்சிருக்கறது இப்ப இது ஒண்ணுதான்."