மீரா சாகிபின் ஐநூறாவது டப்பா

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒயரிங் வேலை பார்க்கும் வசந்திடம் இருந்து கறந்தது. திருக்கோகர்ணத்தில் அவன் வேனுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் வாயைப் பிடுங்கினேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டான். அவ்வளவு சின்னக் கதை. நான்தான் அதை ஏழு நாள் கூத்தாக இழுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சர்வீஸ் முழுக்க மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவன் நான். ஒரு யூனிட்டைக்கூடக் கூட்டி எழுத முடியாது. அந்தப் பசியை எல்லாம் ரிட்டயர் ஆனபிறகு தீர்த்துக்கொள்கிறேன். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதில் பெரிதாகத் தெரிவதெல்லாம் நான் ஊதியது. சின்னதாகத் தெரிவதை அப்படியே நம்பலாம்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"குன்றாண்டார்கோவில் பாறைகளின்மேல் காலை வெயில் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்த

(அன்றைக்கு மூட்டமாம். வசந்த் கறாராகச் சொல்லிவிட்டான்.)

"ஐநூறு டப்பா கண்டவன் ஆயிரம் யானையை அடக்கியவனுக்குச் சமம் என்று மீரா சாகிபு மார்தட்டி

(சாகிபு மார்தட்டுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அவர் பேசியதே கொஞ்சம்.)

"பாறை இல்லை என்று புவனேஸ்வரிக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்."

இதை வைத்துக்கொள்வோம்.

3

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு: உலகமெங்கும் சிலர் சின்னச் சின்ன டப்பாக்களைப் பாறையிடுக்கு, மரப்பொந்து, பாலத்தடி என்று ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை ஒரு இணையதளத்தில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால், உள்ளே இருக்கும் துண்டுத் தாளில் பேரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, கப்பு கிடையாது. ஜியோகேச்சிங் என்று பேர்.

ஆலங்குடி பரக்கத் நிஷா இதை வேறு மாதிரி விளக்குவார். "வெளிநாட்டுல இருந்தப்ப வீட்டுக்கு டப்பா டப்பாவா அனுப்புனாரு. இப்ப முள்ளுக்காட்டுக்குள்ள போயி டப்பா பொறக்குறாரு."

அவர் சொல்வது தம் கணவர் மீரா சாகிபைப் பற்றி. ஷார்ஜாவில் லாரி ஓட்டியவர். பாலைவனத்தில் லாரி லோடுக்குக் காத்துக் கிடக்கும் நேரத்தில், கூட இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பழக்கிவிட்டது. ஊர் திரும்பியபோது கணக்கு நானூற்றுச் சொச்சம். நம் பக்கத்தில் டப்பா ஒளிக்க ஆள் ஏது? ஒரு டப்பாவுக்காகக் கன்னியாகுமரி வரை நடந்தே போனார். (பஸ்ஸில். திரும்பும்போது ரயிலில்.)

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் பீட்டர். சாகிபின் பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவி மக்கர் செய்தபோது கொண்டுபோய்க் கொடுத்தார். இது எதுக்கு பாய் என்று கேட்டான் பீட்டர். கேட்டவன் மாட்டிக்கொண்டான். பாய் மச்சான் ஆனார், பீட்டர் மாப்ளை ஆனான். பீட்டர் காதலித்துக் கட்டிய புவனேஸ்வரிக்கு அப்படியே ஒரு அண்ணன் கிடைத்தார். கடைக்கு ஒயரிங் பார்க்க வந்த வசந்தும் கூட்டத்தில் சேர்ந்தான்.

பீட்டர் பல டப்பாக்களைத் தேடியிருக்கிறான். ஒளித்து வைத்தது ஒன்றே ஒன்று. குன்றாண்டார்கோவிலுக்கு அங்கிட்டு, ஆள் போகாத பொட்டலில் ஒரு பாறை. மறுநாளே போய் எடுத்திருக்கலாம் சாகிபு. எடுக்கவில்லை. மாப்ளை வைத்த டப்பாவை ஐநூறாவதாகத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் பாறையே தேய்ந்துவிடும் என்று பீட்டர் கிண்டல் பண்ணினான். வசந்தும் மரியாதைக்காக அந்தப் பக்கம் போகாமல் இருந்தான். புவனேஸ்வரியை ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று பீட்டர் சொன்னதோடு சரி. அந்தப் பாறையைப் பார்த்தவன் பீட்டர் ஒருவன்தான்.

அடுத்த ஆடியில், கடை ஸ்டூலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

(இந்த வாக்கியத்தை நான் தொடவில்லை.)

4

சாகிபுக்கு ஐநூறு நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை போவது, விருந்தும் அங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. டப்பா மழையில் ஊறிக் கிடக்கிறதா, கரையான் ஏறிவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னது புவனேஸ்வரிதான். வெள்ளிக்கிழமை கடையை அடைத்துவிட்டு வசந்தின் வேனில் போனாள்.

வசந்த் போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். கழிவுக் கல்லைக் கொட்டி வைத்திருந்த ஒரு மேட்டில் ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான். பாறை இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது.

குவாரி. எவரோ குத்தகைக்கு எடுத்து, வேட்டு வைத்து, அள்ளி முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பள்ளத்தின் ஆழத்தை நான் எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன். புதுக்கோட்டை டவுனையே உள்ளே இறக்கி, மேலே தண்ணீரும் விட்டேன். ஆலங்குடியை மூடியாக வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். விளிம்பில் இருந்து ஒரு கல்லை உதைத்துவிட்டு, சத்தம் வருமா வருமா என்று நின்றார்களாம். அந்த அளவே போதும். இதில் ஊத எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.*

* பீட்டரின் டப்பா பாறையோடு ஜல்லியாகி எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறதோ. நீங்கள்கூட அதன்மேல் பஸ்ஸில் போயிருக்கலாம்.

சாகிபிடம் சொல்லிவிடலாம் என்றான் வசந்த். புவனேஸ்வரி கூடாது என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். வயதும் விவரமும் உள்ளவள். புருஷன் போனபிறகு கடையைத் தனியாக நடத்துகிறவள். சாகிபு என்ன சின்னப்பிள்ளையா? பாறை போய்விட்டது என்றால் அழுதுவிடுவாரா? ஏன் மறைக்க வேண்டும்? கதாபாத்திரம் எனக்கு நிற்கவில்லை, மாற்றப்போகிறேன் என்று வசந்திடமே சொன்னேன்.

வசந்த் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வேனில் திரும்பி வரும்போது அவள் சொன்னதைச் சொன்னான். பீட்டர் பேரில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பேர் மாற்றியாகிவிட்டது. ரேஷன் கார்டு, கடை, கரண்டு கனெக்‌ஷன், எல்லாம். ஒவ்வொரு ஆபீஸிலும் அவன் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு ஆள் பீட்டரைத் தேடிக்கொண்டு வருவதற்கு மிச்சம் இருப்பது அந்த டப்பா ஒன்றுதான்.

அதன்பிறகு நான் அவளை மாற்றவில்லை. (கரண்டு கனெக்‌ஷனுக்குப் பேர் மாற்றும் கவுண்டரில் எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது தனிக்கதை. வேண்டாம்.)

பீட்டர் செய்த டப்பா இரண்டு. நன்றாக வந்ததைப் பாறையில் வைத்தான். மற்றது கடை டிராயரில் கிடந்தது. பிளாஸ்டிக் தைல டப்பாவின்மேல் கல்பொடி ஒட்டியது. மறுநாள் விடிந்ததும் புவனேஸ்வரி அதைக் கொண்டுபோய், பள்ளத்துக்குத் தப்பிக் கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்ற ஒரு குண்டுக்கல்லின் இடுக்கில் வைத்தாள். இணையதளத்தில் வைத்தவர்தான் எண்களை மாற்ற முடியும். பீட்டரின் போனை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். ரொம்ப தூரம் நகர்த்த அந்தத் தளம் விடாது. குண்டுக்கல் வரைக்கும் விட்டது. செத்துப்போன பீட்டர் சனிக்கிழமை காலையில் தன் டப்பாவின் இடத்தை மாற்றினான்.

5

ஞாயிறு. இங்கே நான் பேண்டு வாத்தியம் வைத்திருந்தேன். ஒட்டகம் ஒன்று நடந்து வந்தது. வெடி போட்டேன். வெடி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

உண்மையில் இருந்தது இவ்வளவுதான்: வேன், பரக்கத் நிஷாவின் பிரியாணி அண்டா, வசந்த் அடித்துக் கொண்டுவந்த ஒரு பிளக்ஸ். கூலிங்கிளாஸ் போட்ட சாகிபு, மேலே "ஐநூறாவது டப்பா காணும் அண்ணனை வாழ்த்தி வணங்குகிறோம்", கீழே வாழ்த்துவோர் வரிசையில் பீட்டரின் படம். இரண்டு பனைமரத்துக்கு நடுவில் கட்டினார்கள். வாசிக்க நான்கைந்து ஆடுகள் இருந்தன.

"அசல் எம்எல்ஏ மாதிரி இருக்கீங்க," என்றார் பரக்கத் நிஷா கணவரிடம். "ஓட்டுப் போடத்தான் ஆளக் காணோம்."

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஐம்பது, நூறு என்று யார் எட்டினாலும் அந்த டப்பாவை அவர் தனியாகப் போய்த்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் கூடப் போகக் கூடாது, வழி சொல்லக் கூடாது. எடுத்துவிட்டுக் கை தட்டினால் ஓடலாம். ஆகவே மூவரும் வேனருகில் நின்றுகொண்டார்கள். கழிவுக் கல் மேடு பள்ளத்தை மறைத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் வேப்பமரம் தெரிந்தது.

சாகிபு போனை எடுத்து பரக்கத் நிஷாவிடம் கொடுத்தார். சட்டைப்பையில் இருந்து பீட்டர் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த பழைய கருவியை எடுத்தார். அம்புக்குறியைப் பார்த்தார். இடது பக்கம் திரும்பி மேட்டை நோக்கி நடந்தார்.

புவனேஸ்வரிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தளத்தில் எண்ணை மாற்றினால் போனில் மாறும். எப்போதோ ஏற்றி வைத்த கருவியில் மாறாது. இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் யாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆடாத அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்த வசந்துக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவள் ஓடினாள். விளையாட்டு என்று நினைத்து பரக்கத் நிஷா கை தட்டினார்.

6

சாகிபு விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். செருப்பின் முனைக்கு அடியில் தரை இல்லை. கீழே பச்சையாகத் தண்ணீர். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் சறுக்கும். அவள் சத்தமில்லாமல் வந்து முதுகுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் முப்பது மீட்டர்ங்குது தங்கச்சி," என்றார், திரும்பாமல். "நேரா."

"பின்னால வாங்கண்ணே."

இரண்டடி பின்னால் வந்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தாராம். கெடவில்லை. பீட்டர் கடைக் கவுண்டரில் வைத்துத் தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்த எண்கள், தப்பாக இருக்காது.

புவனேஸ்வரி ஒரு பொய் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொன்னாள். "அது பழைய நம்பருண்ணே. அவரே பின்னால மாத்திட்டாரு."

"எப்ப மாத்துனான்?"

"அப்பவே."

"நேத்து ராவுல போன்ல பாத்தேன். சனிக்கிழமை மாத்துனதா போட்டிருந்துச்சு." சாகிபு பள்ளத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "செத்தவன் எப்படி மாத்துவான்? அதான் போனைக் குடுத்துட்டு இதப் பிடிச்சிக்கிட்டு வந்தேன்."

அவள் சட்டையை விட்டாள். "நான்தாண்ணே மாத்துனேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் பாறை எப்படி இருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றாள். உருண்டையா, படுத்த மாதிரியா, ஏறி உட்காரலாமா? தெரியாது. ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு பேரும் இல்லாத பாறை இருந்த காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கழிவு மேட்டின்மேல் வசந்த் ஏறி வந்தான். நெருங்கிப் போகாமல், பேச்சு காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டான்.

புவனேஸ்வரி வேப்பமரத்தடிக்குப் போய்க் கல்லிடுக்கில் இருந்து டப்பாவை உருவிக்கொண்டு வந்தாள். திறந்தாள். சுருட்டிய தாளைப் பிரித்து நீட்டினாள். மேலே பீட்டரின் கோணல் எழுத்தில் "வாங்க மச்சான்" என்று இருந்தது. அதற்குக் கீழே தாள் காலி.

"இதுவும் அவரு செஞ்சதுதாண்ணே. பேர எழுதுங்க."

"எழுதுனா முடிஞ்சிரும்ல," என்றார் சாகிபு.

"எழுதலைன்னாலும் முடிஞ்சுதாண்ணே போச்சு."

7

இதற்குமேல் மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதுகிறார். எல்லாரும் கை தட்டுகிறார்கள். பிளக்ஸுக்கு முன்னால் போட்டோ. சாயங்காலம் புவனேஸ்வரி வீட்டுக்குப் போய், பீட்டரின் போனைச் சார்ஜில் இருந்து

(இதை எழுதி முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

எழுதவில்லை. டப்பாவைப் பள்ளத்தில் விட்டெறிகிறார். கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு நிற்கிறது. காவியம் மாதிரி இருக்கும். (பிளாஸ்டிக் டப்பா. மிதக்கும். மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.)

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. டிப்பர் லாரிகள் ரிவர்ஸில் வருகின்றன. மாவட்டம் முழுக்க ரோடுகள் விரிசல் விட்டு ஜல்லி எழுந்து பறக்கிறது. கீரனூரில் ஒரு கல்யாண மண்டபம் அஸ்திவாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தரத்தில் நிற்கிறது, பந்தியில் யாருக்கும் சாம்பார் சிந்தவில்லை. டவுன் பஸ்கள் பாதை விட்டு மரியாதையாக ஒதுங்குகின்றன. ஜல்லி எல்லாம் பள்ளத்துக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டி, கோபுரம் உயரத்துக்குப் பாறையாகிறது. உச்சியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன்

ஒரு காலைப்பொழுது முழுக்க இதை எழுதினேன். அவ்வளவு சந்தோஷம். பிறகு வாசித்துப் பார்த்தேன். பாறையின் அடையாளம் எனக்கும் தெரியவில்லை. உருண்டையா, படுத்ததா? என் பாறை வேறு ஏதோ பாறை. மொத்தத்தையும் அடித்துவிட்டேன்.

எழுதினாரா என்று வசந்திடம் கேட்டேன். மேட்டில் இருந்து அவனுக்குத் தெரிந்தது இரண்டு முதுகுதான். பிறகு திரும்பி வந்தார்கள். பிரியாணி ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. சாகிபு பிளக்ஸை மடித்துக்கொடுத்தார், பீட்டரின் படத்தில் மடிப்பு விழாமல். தளத்தில் கணக்கு தெரியுமே, பார்த்துச் சொல்கிறேன் என்று வசந்த் போனை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே என்னைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். புவனேஸ்வரி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். ஒரு கையில் தாள், காற்றில் படபடக்கிறது. மறு கையில் பேனா, நீட்டியபடி. சாகிபு வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மேட்டுக்கு அங்கிட்டு இருந்து பரக்கத் நிஷா சாப்பிடக் கூப்பிடுகிறார்.

வெகுநேரமாக நீட்டிக்கொண்டிருக்கிறாள். கை கடுக்கும். எழுதச் சொல்வதானாலும் வேண்டாமென்பதானாலும், நீங்களே சீக்கிரம் ஒன்று சொல்லுங்கள்.