மகளைப் படைத்தாள்

மகள் ராணுவத்தில் சேரப் போகிறாளாம். வயது பதினேழுதான், அதனால் படிவத்தில் பெற்றவன் கையெழுத்து வேண்டும். முடியவே முடியாது என்றேன். அவள் வாதாடவில்லை. அறுநூறு பக்கத்தில் ஒரு போர் நாவலைக் கையில் திணித்தாள். படித்து முடித்துவிட்டு முடிவைச் சொன்னால் போதுமாம்.

நான் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி போடுகிறவன். விரிப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஐந்து கடவுள், ஆளுக்கொரு படை. யார் யாரை வெட்டுகிறான் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் வெட்டியவனும் செத்துப்போகிறான். கடவுள்களாவது ஒழுங்கா என்றால், அவர்களும் கட்சி மாறினார்கள். இந்தக் கண்றாவியைப் படித்துவிட்டா ராணுவத்துக்குப் போகிறாள் என்று எரிச்சலாக வந்தது.

நானூறாம் பக்கத்தில் ஒரு வரி: 'போருக்கு முதல் நாள் அரசி தன் மகளைப் படைத்தாள்.' சரி, பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இனியாவது சண்டை ஓயும் என்று சந்தோஷப்பட்டேன். மறுபக்கத்தில் அந்த மகளுக்காக ஊரே அழுகிறது. பிறந்த குழந்தை எப்போது செத்தது? மூன்று தடவை திருப்பிப் படித்தேன். ஒரு விரிப்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் மகளிடமே கேட்டேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பெத்தெடுத்தாங்கற அர்த்தம் இல்லப்பா. வளந்த பொண்ணு அவ. போர்ல ஜெயிக்கணும்னு அம்மாக்காரி சாமிக்குப் படைச்சுட்டா."

அந்தப் பெண் சந்தோஷமாகத்தான் போனாள் என்றும், புத்தகத்தில் தனக்குப் பிடித்த கட்டமே அதுதான் என்றும் மகள் சொன்னாள். பயமாக இருக்கிறது என்று நேராகவே சொல்லியிருக்கலாம். வேறு எதையோ கேட்டேன்.

"போகும்போது அம்மாவத் திரும்பிப் பாத்தாளா?"

புத்தகத்தை வாங்கித் தேடினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். சிரிப்பு போய்விட்டது. அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நான் பாப்பேன்பா," என்றாள்.

இதற்கு என்ன சொல்வது? போகாதே என்றா, மறக்காமல் பார் என்றா? படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பெற்றோர் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ராணுவத்தில் சேருகிறவர் போட வேண்டிய இடத்தில் போட்டிருந்தேன்.

வேறு படிவம் வாங்க வேண்டும் என்றாள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.