சின்னதுரையின் தண்ணீர் மோட்டார்

வாய்க்கரிசிக்கு ஆள் கூப்பிட்டபோது பாஞ்சாலை வீட்டுக்குப் பின்னால் குத்தவைத்துக் கஞ்சிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைக் குளிப்பாட்டி முன்வாசலில் கிடத்தியிருக்க, பெண்டாட்டி சட்டி தேய்ப்பது லயத்து வரிசையில் அடுத்த வீட்டு மணியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அத அப்படியே போட்டுட்டு வா லா, பாஞ்சாலை. லயமே காத்துக்கிட்டு நிக்குது."

"இந்தா வாரேன்."

சட்டியில் ஒட்டியிருந்தது நேற்று இருளப்பன் குடித்ததுபோக மிச்சம். அரைக் கோப்பை குடித்தார். அந்த அரைக் கோப்பைக்காக அவள் செய்த காரியம்தான் இப்போது நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

இருளப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர், இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். நுரையீரல் கெட்டுப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுந்து நிற்க முடிந்த கடைசி நாட்களில் அவர் ஒப்புக்கொண்ட வேலை, தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரையின் தண்ணீர் மோட்டார். மோட்டார் சைக்கிள் மாதிரி ஒருவர் ஏறி, ரிங்லெட் அணை ஏரியில் விர்ரென்று விடுகிற சாமான். அதன் இஞ்சின் இறுகிப்போயிருந்தது. இருளப்பன் பிரித்து, பிஸ்டன் மாற்றி, பூட்டிக் கொடுத்துவிட்டுப் படுத்தவர்தான். ஏரியில் இறக்கியதும் வண்டி குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல உதறியது. சாகப்போகிறவன் பூட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று லயத்தில் பேச்சு. அது அவர் காதுக்கும் வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. பாஞ்சாலையின் தம்பி ஆண்டியப்பன், அவனும் பிட்டர்தான், ஏரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான்.

"மாமா, பிளக் வயர ஒண்ணொண்ணா உருவிப் பாத்துட்டேன். எத உருவுனாலும் மோட்டார் வேகம் ஒரே மாதிரிதான் எறங்குது."

"அப்ப ரெண்டு சிலிண்டரும் ஒழுங்கா எரியுது, மாப்ள. அடியில தண்ணி உறிஞ்சுற வாயப் பாரு. அந்த ஏரியில இல்லாத குப்பையா? நைலான் கயிறு ஏதாச்சும் போயி, தண்ணியத் தள்ளுற காத்தாடியில சுத்தியிருக்கும்."

சொல்லிவிட்டு இருமுவார். இருமி ஓய்ந்ததும், "என்ன வச்சிருக்க?" என்று அவளைக் கேட்பார். எதற்கும் வாய் திறக்காத மனிதர், தம்பி ஒரு சிக்கலோடு வந்துபோனால் மட்டும் கஞ்சி குடித்தார். பாஞ்சாலை இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாழாய்ப்போன அந்த மோட்டார் சரியாகிவிடக் கூடாது என்று மாரியாத்தாளிடம் வேண்டிக்கொள்ளாத குறைதான்.

நேற்று மத்தியானம் ஆண்டியப்பன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். வாசலிலேயே அவனை மடக்கினாள்.

"சரியாயிருச்சுக்கா. பின்னால காத்தாடிக்குப் போற தண்டு, அந்தச் சாப்ட்டக் கழட்டிட்டு மோட்டார மட்டும் ஓட்டுனேன். ஆட்டமே இல்ல. அப்பத்தான் புரிஞ்சுது. மோட்டாரோட காலுக்கு அடியில சின்னச் சின்னத் தகடு வச்சிருக்கான், ஒவ்வொண்ணும் ஒரு கனம். எந்தக் கால்ல எடுத்தோமோ அங்கயே திருப்பி வைக்கணும். முன்கால் தகடு பின்காலுக்குப் போயிருச்சு. மோட்டார் துளி சாஞ்சு, சாப்ட்டுக்கு நேரா நிக்கல. மாத்தி வச்சேன், இப்ப சும்மா வழுக்கிக்கிட்டுப் போவுது."

"மாத்தி வச்சது யாரு?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமாதான்."

"உள்ள போயிச் சொல்லாத."

"ஏங்க்கா? அதத்தான கேட்டுக்கிட்டே கெடக்காரு."

"நாளைக்குச் சொல்லிக்கலாம். குப்பை ஒண்ணும் இல்ல, இன்னும் ஆடுதுன்னு மட்டும் சொல்லு. நாளைக்கும் ரெண்டு மடக்கு குடிக்கட்டும்டா."

அவன் அப்படியே சொன்னான். இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கஞ்சி குடித்தார். கோப்பையை அவளிடம் நீட்டும்போது, "எங்க தப்புப் பண்ணேன்னு தெரியலியே, பாஞ்சாலை" என்றார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். தூங்குங்க."

விடிந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

சட்டியைக் கவிழ்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. மணியம்மா அவள் கையில் அரிசியை அள்ளி வைத்தாள். பாஞ்சாலை குனிந்து வாயில் போட்டாள். போட்டவள் நிமிரவில்லை. இன்னும் குனிந்து, முகத்தை அவர் காதோரம் கொண்டுபோனாள். இதுவரை அழாதவள் இப்போது உடைந்துவிட்டாள் என்று நினைத்துப் பெண்கள் ஒப்பாரியைக் கூட்டினார்கள். தலைமாட்டில் நின்ற ஆண்டியப்பனுக்கு மட்டும் கேட்டது.

"தகடு மாறிப்போச்சுங்க. முன்கால் தகடப் பின்கால்ல வச்சுட்டீங்க. நீங்கதான் வச்சீங்க. தம்பி சரி பண்ணிட்டான்."

முகத்தை எடுக்காமல் இன்னொன்றும் சொன்னாள்.

"எனக்கு நேத்தே தெரியும்."

ஆண்டியப்பன் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் புருஷனின் மீசையில் ஒட்டியிருந்த அரிசியை ஒரு விரலால் தள்ளிவிட்டு, அடுத்து நின்றவளுக்கு இடம் கொடுத்து நகர்ந்தாள்.