கீழே நிற்கிறவர்

கிரேன் ஓட்டுகிறவள் அன்று காலை கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏணி ஏறினாள். மேலே கேபினில் அவள் கைப்பிடிகளை அசைப்பாள். கீழே நின்று வாக்கி டாக்கியில் அவன் வழி சொல்வான். நான்கு வருடமாக இப்படித்தான் பிழைப்பு. முந்தின நாள் அவன் என்ஜினியரிடம் போய், அவளைக் கீழே வேறு வேலையில் போடும்படி கேட்டிருக்கிறான். என்ஜினியர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

"சாப்பிட்டியா?" என்றது வாக்கி டாக்கி.

"வேலைய மட்டும் பேசுங்க."

பதினோரு மணிவாக்கில், கம்பிக்கட்டு ஒன்று பாதி உயரத்தில் தொங்கும்போது காற்று கிளம்பியது. கேபின் ஆடியது. எச்சரிக்கை மணி விடாமல் கத்தியது. கட்டு ஊசலாடத் தொடங்கியது. வெடுக்கென்று இழுத்தால் இன்னும் வீசும். அது போகிற பக்கமே கூடப்போய்த்தான் அடக்க வேண்டும், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். கீழே எல்லோரும் ஓடி ஒதுங்கிவிட்டார்கள். மஞ்சள் ஹெல்மெட் ஒன்று மட்டும், அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வெட்டவெளியில் நின்றது.

"தள்ளி நில்லுங்களேன்" என்று கண்ணாடியிடம் கெஞ்சினாள்.

அவன் நகரவில்லை. கையை உயர்த்தி முஷ்டியை மூடினான். பொறு. பொறுத்தாள். கட்டு அவன் பக்கம் வந்தது, போனது, வந்தது, மெல்ல அடங்கியது. கை தாழ்ந்து சின்ன வட்டம் போட்டது. இறக்கு. கம்பி தரையைத் தொட்டதும் அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலே இருக்கிறவளுக்குக் கைக்கு வேலை இருக்கிறது. கீழே நிற்கிறவனுக்குப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கிரேனின் கையைப் பூட்டாமல், காற்றோடு திரும்பும்படி விட்டுவிட்டு இறங்கினாள். பூட்டி வைத்தால் காற்று மொத்த கிரேனையும் சாய்த்துவிடும்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து.

"கேட்டா மாட்டேன்னுடுவே."

"மாட்டேன்னுதான் சொல்லுவேன்."

"ம்."

அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அதைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, பிடித்த பிடியை விடாமல் அண்ணாந்து பார்த்தாள். இங்கிருந்து கேபின் ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது. ஆளில்லாத கிரேனின் நீண்ட கை, காற்று போன பக்கமெல்லாம் நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.