காலணாவில் ஒரு யானை

"புளி போட்டா தேய்ச்சே? யாராவது காசைப் போயி புளி போட்டு..."

"பின்ன, பச்சைப்பச்சையாப் பூத்துக் கெடந்ததை அப்படியே மாதா உண்டியல்ல போடச் சொல்றியா? நான் என்ன..."

"செங்கல் தூள் வேற! இங்க பாரு சலோமி, ராஜா மூஞ்சியப் பாரு, பூனை பிறாண்டுன மாதிரி..."

"அம்மா ராஜாவுக்கா நேந்துக்கிட்டாங்க? மாதாவுக்குடா!"

ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர். ஒருவர் என் வீட்டுக்காரர் யாகப்பன். மற்றவர் அவருடைய அக்கா இருதயமேரி, எனக்கு அத்தாச்சி.

எழுபத்தெட்டாம் வருஷம், மாமியாரின் முப்பதாம் நாள் பூசை முடிந்து அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு செப்புக் காலணா. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனால் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து இப்படிக் காசை முடிந்து வைப்பார்கள். பிழைத்த பிள்ளை தன் கையாலேயே அதை உண்டியலில் போட வேண்டும். வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பிள்ளை போடுவது என்பதுதான் சண்டை. அதற்குள் அத்தாச்சி காசைக் குத்துவிளக்கு துலக்குவது போலத் துலக்கிவிட்டார்.

"எனக்கு முடிஞ்சதாத்தான் இருக்கும். பிரெஞ்சுக் கொடி எறங்குன மறு வருஷம், அம்பத்தஞ்சுல, டைபாய்டுல கெடந்தேன்ல?"

"முப்பத்தேழுல எனக்குப் பெரியம்மை. வாழையிலையில போட்டு வச்சிருந்தாங்களாம். அப்பாவே சொல்லுவாரு."

"நேந்துக்கிட்டேன்னு அம்மா உங்கிட்ட எப்பவாவது சொன்னாங்களா?"

அத்தாச்சி காசை மறுபடியும் முந்தானையில் துடைத்தார். ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே அவர் என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது: "அம்மாவுக்குப் பிள்ளைன்னா அவந்தான் சலோமி. நான் வீட்டுல கூட இருந்த ஆளு." அம்மா தன்னையும் பிள்ளையாக நினைத்தாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது என்று எனக்குப் புரிந்தது.

"முகைதீன் பிச்சை பாய்கிட்ட காட்டிப் பாப்பமா? பழைய காசெல்லாம் சேக்குறாரே," என்றேன்.

"அவரு வெலை சொல்லுவாரு. நேர்ச்சை யாருதுன்னு எப்படிச் சொல்லுவாரு?" என்றார் இவர். ஆனாலும் முதலில் செருப்பை மாட்டியது இவர்தான்.

பாய்க்குக் கடைத்தெருவில் குடைக்கடை. ஒரு கறுப்புக் குடைத்துணியை விரித்து, காசை அதன்மேல் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"யாரு இதைக் குளிப்பாட்டுனது?"

"நான்தான்," என்று அத்தாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெலை போச்சு தங்கச்சி."

"வெலைக்கு வரல பாய்."

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய்க்குச் சுவாரசியம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முப்பத்தாறுல அடிச்ச காசு. அம்மா எப்ப முடிஞ்சாங்கன்னு இதுல எழுதியிருக்காது. ஆனா முடியிறதுக்கு முன்னாடி எவ்வளவு கை மாறிச்சுன்னு தெரியும். தம்பி காய்ச்சலுக்கு முடிஞ்சதுன்னா, இருபது வருஷம் சந்தை, மீன் ஏலம், கள்ளுக்கடைன்னு சுத்தியிருக்கும். தேஞ்சு 'ஃபைன்'ல வந்து நின்னிருக்கும்."

"ஃபைன்னா நல்லதுதானே?" என்றார் இவர்.

"தேஞ்சதுக்கு நாங்க மரியாதையா வச்ச பேரு."

"பெட்டியில சும்மா போட்டு வச்சிருந்து, அப்புறமா எனக்கு முடிஞ்சிருக்கலாம்ல?"

"காலணாவைச் சும்மா போட்டு வைக்கிற வீடாடா நம்ம வீடு?" என்றார் அத்தாச்சி.

பாய் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கன்னம், மீசை, கிரீடம் எதுவும் சாட்சிக்கு ஆகாது. எல்லாத்தையும் செங்கல் தின்னுடுச்சு. தேங்கா நாரு எட்டாத பள்ளத்தைத்தான் பாக்கணும். ராஜா அங்கியில ஒரு யானை உண்டு, மாலையில தொங்குற மாதிரி. ஊர் சுத்துன காசுல அதோட தும்பிக்கை முதல்லயே போயிரும்."

"இருக்கா?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பாய் கண்ணாடியை அத்தாச்சியிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க. ஓரத்தைப் பிடிங்க, மூஞ்சியத் தொடாதீங்க."

"இனிமே தொடுறதுக்கு மூஞ்சி எங்க இருக்கு," என்று இவர் முணுமுணுத்தார்.

அத்தாச்சி ஒரு கண்ணை மூடினார். பிறகு மறு கண்ணை. "ஒண்ணும் தெரியல பாய்... தோள்கிட்ட ஏதோ எலி மாதிரி..."

"எலிக்கு மூக்கு எப்படி இருக்கு?"

"நீளமா. கீழ எறங்கி... நுனியில வளைஞ்சு..."

"அது எலி இல்ல தங்கச்சி. இந்தக் காசு கொஞ்ச மாசந்தான் கையில பொழங்கியிருக்கு. அதுக்கு மேல இல்ல."

இவர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு காசை எடுத்து, ஓரத்தைப் பிடித்து, அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"யானைதான். உனக்குத்தான்க்கா முடிஞ்சிருக்காங்க. எனக்கு வெறும் கஞ்சியோட விட்டுட்டாங்க போல."

அத்தாச்சி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மஞ்சள் துணியைப் பிரித்துக் காசை உள்ளே வைத்தார். "அப்படியே போடுங்க, மறுபடி துலக்கிறாதீங்க," என்றார் பாய். அதற்கும் சிரித்தார். முடிச்சை இறுக்கும்போது அவர் விரல்கள் நின்றுவிட்டன.

"வருஷா வருஷம் அம்மாவோட நானுந்தானேடா கொடியேத்தத்துக்கு நடந்தேன்? உண்டியல் முன்னாடி அவங்க பக்கத்துலயே நின்னேன். இந்த முடிச்சை ஏண்டா ஒருதடவைகூட எங்கையில குடுக்கல?"