உப்புத் தொட்டி

தப்பு மேளச் சத்தம் தோட்டத்து லயத்து வீடுகளை நெருங்கிக்கொண்டிருந்தபோது கந்தப்பன் அடுப்படியில் குந்தி, நீலத் தொட்டிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் அவன் பெண்சாதி சத்தியபாமா பெட்டிக்குள் கிடந்தாள். பெண்டாட்டியை அடக்கம் பண்ணப் போகிறவன் மீன் தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தால் லயத்துச் சனம் என்ன பேசும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன. அதனால்தான் சாக்குத் திரையை இழுத்துவிட்டிருந்தான்.

ஹீட்டர் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பம்ப் முணுமுணுத்தபடி மெல்லிய குழாய் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும் அவன் விரலை இரை என்று நினைத்து வந்து முட்டின. இரண்டின் மேலும் ஒரு புள்ளி கூட இல்லை.

பாமா எல்ல டவுனில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டித் துடைக்கப் போனவள். அங்கே முன் மண்டபத்தில் கடல் மீன் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டியைப் பொருத்திக் கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவன், கண்ணாடி துடைக்க நின்றவளிடம் நாலு விஷயம் சொல்லிவிட்டுப் போனான். மீதியை அவள் போனில் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். திருகோணமலைக்குக் கோயிலுக்குப் போன ஒரு தடவைதான் கடலைக் கண்டவள். ஆனாலும் கடல் மீனுக்கு என்ன ஆகும், எது ஆகாது என்று கேட்டால் வாய் ஓயாமல் சொல்லுவாள்.

போன மாதம் இந்த இரண்டின் மேலும் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளி கண்டது. பெரிய தொட்டியில் பவளமும் நத்தையும் இருந்தன. மருந்தை அதில் ஊற்றினால் அதுகள் செத்துப்போகும். சீக்கு மீனை ஹோட்டலில் வெளியே தனியாக வைக்கவும் விடவில்லை. வாளியில் போட்டு, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அளந்து உப்புக் கரைத்து, செப்பு மருந்து கலந்து, அடுப்படியிலேயே ஆஸ்பத்திரி நடத்தத் தொடங்கிவிட்டாள். லயத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பேர் விழுந்தது. கந்தப்பன் மட்டும் சும்மா இருப்பானா?

"மொளகாத்தூளப் பெரட்டிப் பொரிச்சா ஒரு பூச்சியும் தங்காது" என்றான்.

"உங்களுக்குத் தின்ற நெனப்புத்தான்" என்று சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "மீன் மேல ஒட்டியிருக்கிற பூச்சிய மருந்து ஒண்ணும் செய்யாதுங்க. அது கீழ விழுந்து பெருகி, குஞ்சு நீந்தி வரும் பாருங்க, அப்பத்தான் மருந்து புடிக்கும். மருந்து கூடினா மீனு சாகும், கொறஞ்சா பூச்சி சாகாது."

சில நாளில் புள்ளி மறைந்தது. "சொகமாயிருச்சுல்ல, கொண்டு போய் விட வேண்டியதுதானே" என்றான்.

"புள்ளி மறைஞ்சா சீக்குப் போயிருச்சுன்னு அர்த்தமில்லங்க. அப்பத்தான் கவனமா இருக்கணும்."

முந்தாநாள் சாயங்காலம் அவளுக்கு நெஞ்சு கரித்தது. முதுகிலும் குத்தினது. "கேஸா இருக்கும்" என்று கந்தப்பன் தைலம் தடவிவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ கொடுத்தான். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். வேன் பிடிக்கட்டுமா என்று கேட்டபோது, "விட்டுருச்சுங்க, இப்ப ஒண்ணுமில்ல" என்றாள். இரண்டு பேரும் அதை நம்பினார்கள். மீனுக்குச் சொன்ன நியாயம் தன் உடம்புக்கும் உண்டு என்று அவளுக்கும் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவனுக்கும் தோன்றவில்லை. விடிந்ததும் எழுந்து மருந்தின் அளவு பார்க்க உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துபோனாள். அவன் விறகோடு உள்ளே வந்தபோது, அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாய் உடையாமல் அவள் கையிலேயே இருந்தது.

யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இஞ்சி டீ போட்டுக் கொடுத்ததை அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

குவைத்தில் வீட்டு வேலை செய்கிற ஒரே மகள் சிவரூபிக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் போனில் தாயின் முகத்தைப் பார்த்து அழுது தீர்த்தவள், கடைசியில், "அம்மாவோட மீன் இருக்காப்பா?" என்று கேட்டாள். போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போய்க் காட்டினான்.

"அது ரெண்டையும் விட்றாதீங்கப்பா. தெனமும் எனக்குப் படம் எடுத்து அனுப்பும் அம்மா."

"விடமாட்டேம்மா" என்றான். அதைத் தவிர அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க அவன் கையில் வேறு ஒன்றும் இல்லை.

திரை விலகியது. ஹோட்டலில் பாமாவோடு வேலை பார்த்த றிகாஸ் தலையை நீட்டினான். அழுதிருந்தான்.

"அண்ணே, வீட்டுல இவ்வளவு சோலி. மீன நான் கொண்டு போகவா? பெரிய தொட்டியில பூச்சி இன்னும் கெடக்கும், அதுல விட ஏலாது. வேற வாளியில வச்சுப் பாத்துக்குறேன்."

நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் தொட்டி நிற்கிற இடம் காலியாவதை நினைத்ததும் கந்தப்பன் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும் தம்பி" என்றான். "அவ வச்ச எடத்துலயே இருக்கட்டும்."

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. ஆம்பிளைகள் மயானத்துக்குப் போனதும் பொம்பிளைகள் வீட்டைக் கழுவிவிடுவார்கள். சாவு விழுந்த வீட்டில் ஒரு சொட்டுப் பழைய தண்ணீர் இருக்கக் கூடாது. குடம், அண்டா, கேத்தல் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து வருவார்கள். அவன் அம்மா செத்தபோதும் அப்படித்தான் செய்தார்கள்.

அவன் தன் மூத்த அக்கா கருப்பம்மாவைத் தேடினான். அவள்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள அந்த நீலத் தொட்டி..."

"ஐயோ தம்பி, ஒன்னத் தனியா விட்டுட்டுப் போறாளே" என்று அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தப்பு ஓங்கியது. நாலு பக்கமும் தோள் கொடுத்துவிட்டார்கள். பெண்டாட்டி வாசல் தாண்டுகிற நேரத்தில் மீனைப் பற்றிப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை. ஓடிப்போய்த் தொட்டியின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் பாமாவின் கம்பளியை மடித்து வைத்துவிட்டு வந்து பெட்டிக்குப் பின்னால் நடந்தான்.

தேயிலைக்கு நடுவே ஏறிப் போகிற பாதையில் மழை தூறியது. குழிக்குள் மூன்று பிடி மண் போட்டான். மற்றவர்கள் ஓடையில் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஈரத் துணியோடு இறங்கி நடந்தான். துக்கம் தாங்காமல் ஓடுகிறான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை.

வாசலில் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். சிமெந்துத் தரை கழுவி ஈரமாக இருந்தது. பாமாவின் கம்பளி கொடியில் தொங்கியது. நீலத் தொட்டி வெளியே சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடப்பது பின் கதவு வழியாகத் தெரிந்தது.

"வந்துட்டியா தம்பி" என்று கருப்பம்மா எழுந்தாள். "பயப்படாத. பாமாவோட மீன நான் சாக விடல. அந்தத் தண்ணி ஒரே நாத்தம், நீலம் வேற பாரிச்சிருந்துச்சு. பாவம், வாயில்லாச் சீவன் அதுல எப்படித்தான் இருந்துச்சோ. பீலியில புதுத் தண்ணி புடிச்சுப் பேசின்ல விட்டிருக்கேன். ரெண்டு பருக்கை சோறும் போட்டேன்."

வெள்ளைப் பேசினில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பக்கத்தில் ஒரு சிட்டி விளக்கு ஏற்றி வைத்திருந்தாள். சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே மீன்கள் இரண்டும் ஒருக்களித்துக் கிடந்தன.

கந்தப்பன் குந்தி விரலை விட்டான். அதுகள் முட்ட வரவில்லை.

"மொதல்ல சுறுசுறுன்னு சுத்துனிச்சுப்பா" என்றாள் கருப்பம்மா. "அது கடல் மீன் அக்கா" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போனது. "உப்புத் தண்ணிதான் வேணுமா அதுக்கு? ஐயோ, எனக்கு ஆரு சொன்னா? நான் நல்லதுன்னு நெனச்சுத்தானே தம்பி செஞ்சேன்."

அவனுக்கு ஒரு கணம் நெஞ்சில் கோபம்தான் வந்தது. அறுபது வயது அக்கா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அவன் வீட்டைச் சுமந்தவள், சின்னப் பிள்ளை போல முழித்து நின்றாள்.

"ஆமாக்கா" என்றான். "நல்லதுன்னுதான் செஞ்சீங்க. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

சொன்ன வாய் மூடவில்லை. பெட்டி மூடும்போதும் மண் போடும்போதும் வராத அழுகை அப்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குரல் வெளியே வராமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதான். மீனுக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்து கருப்பம்மாவும் கூட அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"குளுருல வந்திருக்க. பக்கத்து வீட்டுக் காம்பராவுல வாங்கியாந்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருக்கு, குடி."

அவன் டம்ளரைக் கையில் எடுத்தான். ஆவி முகத்தில் அடித்தது. குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான். மாடத்தில் விட்டுப்போயிருந்த போன் அடித்து அடித்து நின்றது. குவைத்தில் மகளுக்கு வேலை கொஞ்சம் ஓய்கிற நேரம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தது. ஹீட்டரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டியவர்கள் பம்ப்பை மறந்துவிட்டிருந்தார்கள். தொட்டி இருந்த மூலையில் அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"கரண்டு வீணாப் போகுது, நிப்பாட்டவா?" என்றாள் கருப்பம்மா.

"இருக்கட்டுங்கக்கா."

மெல்லிய குழாய் தரையில் கிடந்து ஊதிக்கொண்டிருந்தது. கழுவிவிட்ட ஈரத்தில், அதன் வாய்க்கு நேரே மட்டும் ஒரு சின்ன இடம் காய்ந்துகொண்டு வந்தது.